ரேடியோ நெல்லை நட்டவர்கள்

தஞ்சைப் பக்கத்து வயதான விவசாயிகளிடம் ஏடிடி 27 என்றால் கொஞ்சம் யோசிப்பார்கள். ‘ரேடியோ நெல்’ என்றால் உடனே முகம் மலரும். ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தில் உருவான நெல் அது. ஜப்பானிய நெல்லையும் நம்மூர் நெல்லையும் கலந்து எடுத்தது. சுமார் 105 நாளில் குறுவையில் அறுத்துவிடலாம். 1960களின் நடுவில் அதை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்தது திருச்சி வானொலி. அதனால்தான் அந்தப் பெயர்.

திருச்சி நிலையம் 1939 மே 16 அன்று தொடங்கியது. சென்னை நிலையம் வந்து ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை. கச்சேரியும் நாடகமும் செய்தியுமாக இருந்த நிலையத்துக்கு 1960களில் இன்னொரு வேலை வந்தது. தீவிர வேளாண்மைத் திட்டத்துக்கு நாட்டில் முதலில் தேர்ந்தெடுத்த மாவட்டங்களில் அன்றைய தஞ்சாவூரும் ஒன்று. விதை, உரம், பூச்சிமருந்து, நடவு இடைவெளி எல்லாவற்றையும் ஊருக்குச் சொல்ல ஒரு குரல் வேண்டியிருந்தது. 1966-ல் அகில இந்திய வானொலி சில நிலையங்களில் பண்ணைக்கும் இல்லத்துக்கும் என்று தனிப் பிரிவு தொடங்கியபோது திருச்சியும் அதில் இருந்தது.

பண்ணை, இல்லம். இந்த இரண்டு சொற்களைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். பண்ணை ஆணுக்கு, இல்லம் பெண்ணுக்கு என்று யாரும் சட்டம் போடவில்லை. ஆனால் பேச்சு அப்படித்தான் பிரிந்தது. சாகுபடி என்றால் விவசாயி, அதாவது ஆண். பெண் என்றால் சமையல், சத்துணவு, குழந்தை வளர்ப்பு. டெல்டாவிலோ நடவும் களையெடுப்பும் பெண்கள் கையில்தான். இத்தனை அங்குல இடைவெளி விட்டு நடு என்று வானொலி சொன்னால், சேற்றில் குனிந்து அந்த இடைவெளியை விட்டவள் அவள். சொன்னது மட்டும் அவளிடம் அல்ல, நிலம் வைத்திருந்தவரிடம்.

அவளுக்குப் பண்ணை என்ற சொல்லுக்கே வேறு பொருள். பண்ணை என்றால் மிராசுதாரின் நிலமும் வீடும். அவள் புருஷன் பண்ணையாள். 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்த மாவட்டம் இது.

கேட்கத்தான் முடிந்ததா? வானொலி வைத்திருக்க அப்போது உரிமம் வாங்க வேண்டும், ஆண்டுதோறும் கட்டணம் கட்ட வேண்டும். கூலிக்காரி வீட்டில் அது ஏது? பஞ்சாயத்துப் பெட்டி இருந்தது, ஊர்ப் பக்கம். சேரிப் பெண் அங்கே போய் உட்கார்ந்து கேட்டிருப்பாள் என்று நம்புவதற்கு நாம் டெல்டாவை அறியாதவர்களாக இருக்க வேண்டும். தவிர, விவசாய நிகழ்ச்சி வரும் சாயங்காலம் அவள் அடுப்பு மூட்டுகிற நேரம்.

திருச்சி வானொலியைக் குறை சொல்லிவிட்டுப் போவது எளிது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் ஆராய்ச்சி நிலையத்தின் அறிவை அவர் மொழியில் கொடுத்தது அது. இன்றைய எத்தனையோ தொலைக்காட்சிகள் அதில் பாதிகூடச் செய்வதில்லை. ஆனால் விளைச்சல் கூடியபோது கூலியும் கூட வேண்டும் என்ற பேச்சு ஒலிபரப்பில் வரவில்லை. அது வயலில்தான் வந்தது, செங்கொடியோடு. 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்ட 44 பேரில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். ரேடியோ நெல் டெல்டாவுக்கு வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன.