அஞ்சலகத்துக்குள் ஒரு திரையரங்கு

அஞ்சல் தலை சேகரிக்கும் பழக்கம் உங்களுக்கு உண்டா? சென்னைவாசியாக இருந்தால் அண்ணா சாலைத் தலைமை அஞ்சலக வளாகத்தில் அதற்கென உள்ள பிரிவுக்குப் போயிருப்பீர்கள். அப்பழைய கட்டடம் அஞ்சலகத்திற்காகக் கட்டப்பட்டதன்று; 1913இல் வார்விக் மேஜர் என்பவர் திரைப்படம் காட்டுவதற்கென்றே அமைத்தது. அதன் பெயர் எலெக்ட்ரிக் தியேட்டர்.

ஏன் இந்தப் பெயர்? அந்நாளில் மின்சாரமே ஒரு புதுமை. அதற்கு முன்பு பல நாடுகளிலும் படக்கருவிகளுக்கு ஈதர் போன்றவற்றை எரிக்கும் விளக்குகள் ஒளி தந்தன. 1897இல் பாரிஸ் நகரில் அத்தகைய விளக்கிலிருந்து பரவிய தீயில் 120க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பின்னர் மின்வில் விளக்கு பரவலானது. இரு கரிக்கோல்களின் இடைவெளியில் மின்சாரம் பாயும்போது கண்ணைப் பறிக்கும் வெண்ணொளி பிறக்கிறது.

இதனால் ஆபத்து நீங்கிவிட்டதா? இல்லை. அக்காலப் படச்சுருள் செல்லுலோஸ் நைட்ரேட்டால் ஆனது. ஓடும் சுருள் விளக்கின் முன் சற்றே சிக்கி நின்றாலும் வெப்பத்தால் தீப்பிடிக்கும். எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜன் அப்பொருளிலேயே அடங்கியிருப்பதால், நீரில் அமிழ்த்தினாலும் அணையாது!

அணைக்க முடியாத தீயை அடைத்து வைப்பதே வழி. எனவே படக்கருவிக்குத் தனி அறை, தீப்பற்றாத சுவர்கள் ஆகியவை தேவைப்பட்டன. சுவரில் சிறு துளைகள் மட்டும்: ஒன்று ஒளி செல்ல, மற்றொன்று இயக்குபவர் திரையைப் பார்க்க. தீப்பிடித்தால் அவற்றை மூட உலோகத் தகடுகள். கூடாரத்தில் இவ்வளவும் எளிதன்று; நிலையான கட்டடம் வேண்டும். பிரிட்டன் 1909இலும் இந்தியா 1918இலும் படம் காட்டும் இடத்துக்கு உரிமம் கட்டாயம் எனச் சட்டம் இயற்றின.

எலெக்ட்ரிக் தியேட்டரின் திரை வாழ்வு குறுகியது. 1915இல் அஞ்சல் துறை அதை வாங்கியது. வேறு பயன் கிடைத்ததால் கட்டடம் பிழைத்தது. அருகிலேயே 1914இல் ரகுபதி வெங்கையா தொடங்கிய கெயிட்டி, பல்லாண்டுகள் படம் காட்டியும், இடிக்கப்பட்டுவிட்டது.

உங்கள் ஊரில் பழைய திரையரங்கு எஞ்சியிருந்தால், இடிபடுமுன் ஒருமுறை உள்ளே சென்று பின்சுவரைப் பாருங்கள். அச்சிறு துளைகள் ஏன் அவ்வளவு சிறியவை என்பது இப்போது உங்களுக்குத் தெரியும்.