எமி விருதும் நாடகத்தொடரின் பொருளியல் அடித்தளமும்

கலைப் பரிசில்கள் யாவும் தரத்தின் பெயராலேயே வழங்கப்படுகின்றன. எனினும், தரம் பற்றிய கருத்து வரலாற்றுக்குப் புறம்பானதன்று. ஐக்கிய அமெரிக்காவில் சிறந்த தொலைக்காட்சி நாடகத்தொடருக்கு வழங்கப்படும் எமி விருதின் வரலாறு இதனைத் தெளிவுறுத்தும்.

1949 ஜனவரி 25 ஆந் திகதி ஹொலிவூட்டில் நடைபெற்ற முதலாவது எமி விழா, லொஸ் ஏஞ்சல்ஸ் வட்டார நிகழ்ச்சிகளுக்கே உரியதாயிருந்தது. ஒளிபரப்பு நாடளாவி விரிந்தபோது விருதும் தேசியத் தன்மை பெற்றது. அன்றைய ஒளிபரப்பு விளம்பரப் பணத்திலேயே தங்கியிருந்தது. பார்வையாளரின் கவனமே அங்கு விலைபோகும் பண்டமாயிற்று.

பொலிஸ் நிலையமொன்றின் அன்றாட வாழ்வைச் சித்திரித்த 'ஹில் ஸ்ட்ரீட் புளூஸ்' 1981 முதல் 1984 வரை தொடர்ந்து நான்கு முறை இவ்விருதைப் பெற்றது. முதலாண்டில் அதனைப் பார்த்தோர் தொகை குறைவு. ஆயினும் என்.பி.சி. நிறுவனம் அதனைக் கைவிடவில்லை. வசதிபடைத்த நகர்ப்புறப் பார்வையாளரை விளம்பரதாரர் பெரிதும் நாடினர் என்பதை விடுத்து இம்முடிவை விளக்கவியலாது.

1988 இல் கேபிள் நிகழ்ச்சிகளும் போட்டிக்குத் தகுதி பெற்றன. சந்தாப் பணத்தில் இயங்கும் எச்.பி.ஓ. நிறுவனத்தின் 'த சொப்பிரானோஸ்' 2004 இல் வென்று, இவ்விருதைப் பெற்ற முதற் கேபிள் தொடராயிற்று. 2006 இன் பின்னர் பழைய ஒளிபரப்பு வலையமைப்பு எதுவும் இவ்விருதைப் பெறவில்லை. 2017 இல் 'த ஹான்ட்மெயிட்ஸ் டேல்' மூலம் இணையவழிச் சேவையொன்று முதன்முறையாக வென்றது. 2024 இல் பெரும்பகுதி யப்பானிய மொழியிலமைந்த 'ஷோகன்' வென்றமை, உலகச் சந்தை நோக்கிய விரிவைக் காட்டுகின்றது.

ஆயினும், இவ்வுறவை இயந்திரப்பாங்காக விளக்குதல் தவறாகும். பால்டிமோர் நகரின் துறைமுகத் தொழிலாளர், போதைப்பொருள் வணிகம், பாடசாலை ஆகியவற்றை ஒரே சமூக அமைப்பின் கூறுகளாகக் காட்டிய 'த வயர்' (2002–2008) தொடரையும் எச்.பி.ஓ. நிறுவனமே தயாரித்தது. அத்தொடர் எழுத்துக்காக இருமுறை பரிந்துரைக்கப்பட்டதே தவிர, சிறந்த நாடகத்தொடர்ப் பிரிவில் ஒருமுறையேனும் இடம்பெறவில்லை. எமி எதனையும் வெல்லவுமில்லை. புதிய பொருளியல் ஏற்பாடு விமர்சன யதார்த்தவாதத்துக்கு இடமளித்தது; அத்தொழிற்றுறையினரே வாக்களிக்கும் விருது அதனை அங்கீகரிக்கவில்லை.

2023 மே 2 இல் எழுத்தாளரும் ஜூலை 14 இல் நடிகரும் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். இணையவழி மறு ஒளிபரப்புக்கான ஊதியமும், செயற்கை நுண்ணறிவின் பயன்பாட்டுக்குக் கட்டுப்பாடும் அவர்களது முக்கிய கோரிக்கைகள். செப்டெம்பரில் நடைபெறவிருந்த விழா 2024 ஜனவரி 15 வரை பிற்போடப்பட்டது. அன்று வென்றது, ஊடக முதலாளிக் குடும்பமொன்றின் வாரிசுரிமைப் பூசலைக் கூறும் 'சக்சஷன்'. இவ்விருதின் வரலாற்றை ஆராய்வோர், வென்றவற்றின் பட்டியலோடு, விழா நடைபெறாத அந்நான்கு மாதங்களையும் கருத்திற் கொள்ளல் வேண்டும். உழைப்போரின்றித் தரமுமில்லை என்பதை அக்காலமே உணர்த்திற்று.