ரெஸ்டோர் (யூனிக்ஸ் மீட்புக் கருவி)

டம்ப் நிரல் எடுத்துவைத்த காப்புப் பிரதியிலிருந்து கோப்புகளைத் திரும்பக் கொண்டுவரும் யூனிக்ஸ் கருவி ரெஸ்டோர். டம்ப், கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து படிப்பதில்லை. கோப்புகளின் விவரங்களை எண்ணிட்டு வைத்திருக்கும், வட்டிலுள்ள ஐநோடு அட்டவணையை நேரடியாக வாசித்து, முதலில் அடைவுகளையும் பிறகு ஐநோடு எண் வரிசையில் கோப்புகளையும் காந்த நாடாவில் எழுதும். ரெஸ்டோரின் போக்கு முழுவதும் இந்த வரிசையைச் சார்ந்தது.

இதன் முன்னோடி பெல் ஆய்வக யூனிக்ஸில் இருந்த ரெஸ்டார். 1979இல் வெளிவந்த ஏழாம் பதிப்பில் அதனிடம் ஒரு கோப்பைக் கேட்டால், கோப்பின் பெயரை விட்டுவிட்டு ஐநோடு எண்ணையே பெயராக இட்டுத் தரும். எந்த எண் எந்தக் கோப்பு என்று குறித்துவைத்துப் பெயர் மாற்றுவது நிர்வாகியின் பாடு. முழு வட்டையும் மீட்கும்போது இன்னும் முரட்டுத்தனம்: இந்த வட்டின்மேல் கிறுக்கப் போகிறேன், இதுவே கடைசி வாய்ப்பு என்ற பொருளில் ஒரு வரியைக் காட்டி, என்டர் விசைக்காகக் காத்திருக்கும். தட்டினால் பழைய தரவு போனதுதான்.

1983இல் வந்த பெர்க்லி யூனிக்ஸான 4.2பிஎஸ்டி, கர்க் மெக்கூசிக் குழுவினரின் வேகக் கோப்பு முறைமையோடு புதிய ரெஸ்டோரையும் தந்தது. இதன் ஊடாட்ட முறையில் நாடாவிலுள்ள அடைவுகளுக்குள் உலவி, வேண்டிய கோப்புகளைக் குறிக்கலாம். குறித்தவற்றின் அருகே உடுக்குறி தெரியும். பல நாடாக்கள் இருந்து, கோப்பு எதில் உள்ளது என்று தெரியாவிட்டால், கடைசி நாடாவில் தொடங்கிப் பின்னோக்கி வரும்படி கையேடு சொல்கிறது.

டம்ப் பிரதிகள் 0 முதல் 9 வரை நிலைகளாகப் பகுக்கப்படும். 0 முழுப் பிரதி. மற்ற நிலைகள், தம்மினும் குறைந்த எண்ணுள்ள கடைசிப் பிரதிக்குப் பின் மாறியவற்றை மட்டும் கொண்டவை. மீட்கும்போது முதலில் 0, பிறகு மற்றவை. ஒரு பிரதிக்கும் அடுத்ததற்கும் இடையே அழிக்கப்பட்ட கோப்புகள் மீண்டும் முளைத்துவிடாதபடி, ரெஸ்டோர், ரெஸ்டோர்சிம்டேபிள் என்ற கோப்பில் கணக்கு வைத்துக்கொள்கிறது. கடைசிப் பிரதி ஏறிய பின்பே அதை நீக்கலாம். அவசரப்பட்டு முன்பே நீக்கியவர்கள் மறுபடி 0 நிலையிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

டம்ப் எடுக்கும் பிரதி எவ்வளவு நம்பகமானது என்பதும் பேசப்பட்டது. 1991இல் கணினி நிர்வாகி எலிசபெத் ஸ்விக்கி காப்பு நிரல்களை விசித்திரமான கோப்புப் பெயர்களாலும் ஓட்டையுள்ள (இடையில் தரவு எழுதப்படாத) கோப்புகளாலும் சோதித்தபோது டம்பே முந்தியது. 2001இல் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் டம்பைச் சாடினார். எனினும் அவர் சுட்டிய குறை பயன்பாட்டில் இருக்கும் வட்டைப் பிரதியெடுப்பது பற்றியதே, மவுண்ட் நீக்கிய வட்டுக்கு அது பொருந்தாது.

ஃப்ரீபிஎஸ்டியில் ரெஸ்டோர் இன்றும் உண்டு. லினக்ஸில் எக்ஸ்ட் வகைக் கோப்பு முறைமைகளுக்குத் தனிப் பொதியாகக் கிடைக்கிறது.