யார் இடுப்பில் துப்பாக்கி?

"அண்ணே, இடுப்புல மறைச்சு வைக்கிற மாதிரி, அவசரத்துல கைவிடாத துப்பாக்கியா ஒண்ணு சொல்லுங்க."

கேட்டவன் எங்கள் சொந்தக்காரப் பையன். பந்தலூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லைனில் பிறந்து, காலேஜ் வரை படித்தவன். கீழ்நாட்டில் வேலைக்குப் போன இடத்தில் வேறு சாதிப் பெண்ணைக் கல்யாணம் பண்ணிக்கொண்டான். பெண்ணின் ஊரிலிருந்து ஆள் வந்து, "உசுரோட இருக்க மாட்ட" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பெண்ணின் பெரியப்பாவிடம் லைசென்ஸ் துப்பாக்கி இருக்கிறதாம்.

அவன் கேட்டது ஒரு கேள்விதான். ஆனால் அதற்குப் பதில் சொல்ல ஏறக்குறைய நூற்றைம்பது வருஷத்து வரலாற்றைப் புரட்ட வேண்டியிருந்தது.

1877இல் நீலகிரியில் வெள்ளைக்காரர்கள் வேட்டைச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். 1878இல் லிட்டன் பிரபு ஆயுதச் சட்டம் கொண்டுவந்தார். 1879இல் நீலகிரிக்கென்றே வேட்டை, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அடுத்தடுத்து மூன்று வருஷம். காட்டில் எதைச் சுடலாம், யார் சுடலாம், யார் கையில் துப்பாக்கி இருக்கலாம் என்பது இந்த மூன்று வருஷத்தில் முடிவாகிவிட்டது. ஆயுதச் சட்டத்தில் ஐரோப்பியர்களுக்கு விலக்கு. இந்தியர்களில் ராஜாக்களுக்கும் பட்டம் வாங்கியவர்களுக்கும் சலுகை. மற்ற எல்லோருக்கும் லைசென்ஸ். அதே காலத்தில்தான் தேவாலா, பந்தலூர் மலைகளில் தங்கம் எடுக்கக் கம்பெனிகள் வந்து குவிந்தன. தங்கம் சில வருஷத்தில் பொய்த்துப் போனது. துரைமார் கையிலிருந்த துப்பாக்கி மட்டும் தேயிலைக்கும் காப்பிக்கும் மாறி அங்கேயே இருந்தது.

சேரிக்காரன் ஆயுதமே அறியாதவன் என்று யாரும் நினைக்க வேண்டாம். சென்னைப் படையில் பறையர்கள் இருந்தார்கள். 1818 ஜனவரி 1 அன்று கோரேகானில் பேஷ்வா படையை எதிர்த்து நின்றவர்களில் மகர்கள் இருந்தார்கள். பிறகு 'வீர இனம்' என்றொரு கதையைக் கட்டி, 1892இல் மகர்களைப் படையில் சேர்ப்பதை நிறுத்தினான் வெள்ளைக்காரன். அடுத்தவனுக்காகச் சுடும்போது வீரன், வீட்டுக்கு வந்தால் தீண்டத்தகாதவன். இம்மானுவேல் சேகரன் ராணுவத்தில் இருந்தவர். 1957 செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் அவரை வெட்டிச் சாய்த்தபோது, நாட்டுக்காகப் பிடித்த துப்பாக்கி அவர் பக்கத்தில் இல்லை.

அண்ணல் அம்பேத்கர் 1936இல் எழுதிய 'சாதி ஒழிப்பு' நூலில் இதைத்தான் கேட்கிறார். இத்தனை கொடுமையைச் சகித்த மக்கள் ஏன் கலகம் செய்யவில்லை? அவர்களிடம் ஆயுதம் இல்லை, கல்வி இல்லை, பறித்து வைத்திருந்தார்கள் என்பது அவர் தரும் விடை. கோழைத்தனம் என்று நம் மீது சுமத்தப்பட்ட பழியை அவர் சட்டத்தின் மீதும் சாஸ்திரத்தின் மீதும் திருப்பி வைத்தார்.

பந்தலூரிலிருந்து வயநாட்டைத் தாண்டினால் குடகு. அங்கே கொடவர்களுக்கும் ஜம்மா நிலம் வைத்திருப்பவர்களுக்கும் 1861 முதல் லைசென்ஸ் தேவையில்லை. சுதந்திர இந்தியாவிலும் அந்த விலக்கு தொடர்கிறது. 2019இல் மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்தது. எதிர்த்துப் போடப்பட்ட வழக்கை 2021இல் கர்நாடக உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. பிறப்பும் நிலமும் இருந்தால் துப்பாக்கி சும்மா கிடைக்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? அந்தக் காப்பித் தோட்டங்களில் கூலிக்கு நிற்கும் எரவர்களுக்கு அந்தப் பிறப்பும் இல்லை, நிலமும் இல்லை.

எங்கள் கதை வேறு. 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று கணக்குப் போட்டுப் பிரித்தார்கள். அப்படி வந்தவர்களுக்காக 1968இல் அரசு தேயிலைத் தோட்டம் தொடங்கியது. அதுதான் பின்னால் டேன்டீ ஆனது. எங்கள் பாட்டி கொண்டுவந்தது ஒரு தகரப் பெட்டி, ஒரு கொழுந்துக் கூடை. "அங்க தொரை கையில துப்பாக்கி, கங்காணி கையில பெரம்பு, நம்ம கையில கூடை" என்பாள். இங்கே வந்த பிறகு யானை பயம், கரடி பயம், இப்போது சிறுத்தை பயம். பொழுது சாய்ந்தால் கையில் டார்ச் லைட், அவ்வளவுதான்.

1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக லைசென்ஸ் மறுக்கக் கூடாது என்கிறது. ஏட்டில் இருக்கிறது. 1972ஆம் வருஷத்து வன உயிரினச் சட்டமோ, சரணாலயத்திலிருந்து பத்துக் கிலோமீட்டருக்குள் புது லைசென்ஸ் கொடுக்கத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் சம்மதம் வேண்டும் என்கிறது. ஒரு பக்கம் முதுமலை, ஒரு பக்கம் வயநாடு. எங்கள் பக்கத்து எல்லையோர ஊர்களுக்கு அந்தக் கதவு அப்படியே பாதி சாத்திக்கொள்கிறது.

சரி, பையன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். நம் நாட்டில் சாதாரணக் குடிமகன் 9 மில்லிமீட்டர் பிஸ்டல் வைத்துக்கொள்ள முடியாது, அது தடை செய்யப்பட்ட ரகம். அரசு ஆலையில் செய்யும் .32 ரிவால்வர் கிடைக்கும். பிஸ்டலில் ஒரு தோட்டா வெடிக்காமல் போனால் மேல்பகுதியை இழுத்து அதை வெளியே தள்ள வேண்டும். நடுங்குகிற கைக்கு அது லேசில்லை. ரிவால்வரில் விசையை மறுபடி அழுத்தினால் அடுத்த அறை சுற்றி வந்து நிற்கும். கைவிடாதது என்றால் அதுதான். ஆறு குண்டு. வெளியே தெரியாமல் உறைக்குள் வைத்துக்கொண்டு போக வேண்டும் என்பதே விதி.

2014இல் பெண்களுக்கென்று 'நிர்பீக்' என்ற ரிவால்வரைக் கான்பூர் ஆலை கொண்டுவந்தது. எடை 500 கிராம். அப்போது விலை ஒரு லட்சத்து இருபத்திரண்டாயிரத்துச் சொச்சம். நாள் கூலி 400 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். கொழுந்து பறிக்கிற பெண், சாப்பிடாமல் கொள்ளாமல் 300 நாளுக்கு மேல் உழைத்தால் ஒரு துப்பாக்கி.

விலையை விடுங்கள். சுட்ட பிறகு என்ன ஆகும்? தற்காப்பு உரிமை இந்திய தண்டனைச் சட்டத்தில் இருந்தது, 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இருக்கிறது. ஆனால் அது தற்காப்புதான் என்று யார் எழுத வேண்டும்? காவல் நிலையத்தில் எழுதுகிறவர் எழுத வேண்டும். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஆண்டைகளின் ஆட்கள் துப்பாக்கியோடு வந்தார்கள். 44 உயிர்கள் ஒரே குடிசைக்குள் எரிந்தன. 1973இல் உயர் நீதிமன்றம் நிலவுடைமையாளர்களை விடுதலை செய்தது. துப்பாக்கி வைத்திருந்தவன் சொல்லை நம்பிய நாடு, அதே துப்பாக்கி நம் கையில் இருந்தால் நம் சொல்லை நம்புமா?

அதனால்தான் பையனிடம் 1995ஆம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்பு விதிகளை எடுத்துக் காட்டினேன். மூன்றாவது விதி. வன்கொடுமை நடக்கக்கூடும் என்று கண்டறிந்த பகுதியில், தேவைப்பட்டால் பட்டியல் சாதி, பழங்குடி அல்லாதவர்களின் ஆயுத உரிமங்களை ரத்து செய்ய வேண்டும். கள்ளத் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்ய வேண்டும். தேவைப்பட்டால் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கு உரிமம் வழங்க வேண்டும். மூன்றும் ஒரே விதியில். வரிசையைப் பாருங்கள். முதலில் அவன் துப்பாக்கியைப் பிடுங்கு, பிறகு இவனுக்குக் கொடு. நம் ஆட்களில் எத்தனை பேர் இதைச் சொல்லி மனுப் போட்டிருக்கிறோம்? 'பகுதி' என்று அடையாளம் காண்பதிலேயே இதை முடக்கிவிட முடியும் என்பதும் உண்மை. அதைக் கேட்டு வாங்க வேண்டியது இயக்கங்களின் வேலை.

"அப்ப எனக்குத் துப்பாக்கி வேணாங்கிறீங்களா?" என்றான்.

"வேணாம்னு சொல்ல நான் யாரு? கேக்குறது ஒன் உரிமை. ஆனா மொத மனு, அந்தப் பெரியப்பன் லைசென்ஸ ரத்து பண்ணச் சொல்லி."

இரண்டு மனுவும் எழுதினோம். கொடுக்கப் போன இடத்தில் ஒருவர் இரண்டாவது மனுவைப் படித்துவிட்டுச் சிரித்தார். "துப்பாக்கி வாங்கி யாரடா சுடப் போற?" என்றார். பையன் முதல் மனுவை அவர் முன்னால் தள்ளி வைத்தான். "சார், இதுல இருக்கிறவரு லைசென்ஸ் வாங்கினப்ப, அவர்கிட்ட இந்தக் கேள்வியக் கேட்டீங்களா?"

சிரிப்பு நின்றது. ரசீது கொடுத்தார்கள். அந்த ரசீதைப் பையன் சட்டைப் பைக்குள் மடித்து வைத்திருக்கிறான்.