தலைச்சுற்றும் மனநிலையும்: ஒரு வரலாற்று நோக்கு

படுக்கைவிட்டு எழுந்தவுடன் வீடு சுழலக் கண்டு சுவரைப் பற்றுவோன் தனக்குப் பித்தம் என்பான். அறிவு தடுமாறியவனையோ உலகோர் பித்தன் என்பர். உடலின் கிறுகிறுப்பும் உள்ளத்தின் கலக்கமும் தமிழில் ஒரு சொல்லடியிற் பிறந்தமை நோக்கற்பாலது. இவ்விரண்டையும் வேறுபிரித்தறியாமை பேதைமை எனச் சிலர் இகழ்ந்ததுண்டு. மேனாட்டு மருத்துவம் அவற்றைப் பிரித்த வரலாற்றையும், பின்னர் வருந்தி இணைத்த வரலாற்றையும் அறிந்தோர் அங்ஙனம் இகழார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை, கடுந் தலைச்சுற்று மூளையிற் குருதி மிகுவதால் விளைவதென்றே ஐரோப்பிய மருத்துவர் பலர் நம்பினர்; குருதியை வடித்தலே பரிகாரமாகக் கொண்டனர். புளூரன்ஸ் என்னும் பிரான்சிய அறிஞர் புறாக்களின் உட்செவியிலுள்ள அரைவட்டக் கால்வாய்களை அறுத்து, அவை நிலைதடுமாறுதலை முன்னரே காட்டியிருந்தார். எனினும் நோயாளரின் படுக்கையருகே அவ்வுண்மை வந்து சேரவில்லை. பாரிசு மாநகரிற் செவிப்புலனற்றோர் நிலையத்துத் தலைமை மருத்துவராயிருந்த புரொஸ்பர் மெனியர், 1861 சனவரி 8ஆந் திகதி மருத்துவக் கழகத்தின் முன் தம் கருத்தை வெளியிட்டார். சுழற்சியும் காதிரைச்சலும் கேள்விக்குறைவும் கூடிவரின் அது மூளைநோயன்று, உட்செவி நோயே என்பது அவர் துணிபு. அவையோர் அதனை உவந்தேற்றிலர். மறுவருடம் அவர் காலமானார். இன்று அந்நோய் அவர் பெயராலேயே வழங்குகின்றது.

உண்மை வென்றது, ஆயினும் அவ்வெற்றியின் நிழலிலே ஒரு கூட்டத்தார் கைவிடப்பட்டனர். செவியிற் குற்றமில்லாதிருந்தும் தலைசுற்றுவோர் எங்குச் செல்வர்? வியன்னாவிற் பெனடிக்ற் 1870இல், அகன்ற சதுக்கங்களைக் கடக்குங்கால் மயங்குவோரை ஆராய்ந்து, அதனைத் தலைச்சுற்றின் ஒரு வகையென்றார். பேர்லினில் வெஸ்ற்பால் 1871இல், அன்று, அச்சமே அதன் மூலம் என மறுத்து, வெட்டவெளியச்சம் என்னும் பொருள்படப் பெயரிட்டார். 1895இற் பிராய்ட் தலைச்சுற்றைப் பதகளிப்பு நோயின் குறிகளுள் ஒன்றாக வைத்தெண்ணினார். காதினுள் வெந்நீரும் தண்ணீரும் விட்டுச் சமநிலையைச் சோதிக்கும் முறையை வகுத்த பராணிக்கு 1914ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது. அப்பொழுது அவர் உருசியாவிற் போர்க்கைதி! சோதனை நுட்பமாக நுட்பமாக, அதிற் குறையெதுவுங் காணப்படாதவர் "ஒன்றுமில்லை" என்னும் விடையோடு வீடு திரும்பலாயினர். ஒன்றுமில்லாதவனுக்கு உலகம் சுழலுமா என்று வினவியவர் சிலரே.

செருமனியிற் பிறான்ற், டீற்றரிச் என்போர் 1986இல் இவ்வினாவை மீண்டும் எழுப்பினர். பராணியின் பெயர்தாங்கிய சங்கம் 2017இல், மூன்று மாதங்களோ அதற்கு மேலோ நீடிக்கும் இவ்வகைத் தடுமாற்றத்திற்கு இலக்கணம் வகுத்தது. முதலில் வருவது பலர்க்கு மெய்யான செவிநோயே. செவி தேறிய பின்னரும் உள்ளம் அதனை நம்புவதில்லை. ஒற்றைப் பனங்குற்றிப் பாலத்தில் நடப்பவன் உடலை விறைத்து, அடிக்கு அடி தன்னையே கண்காணிப்பான். அந்நடையைச் சமதரையிலும் விடமாட்டாதவனே இந்நோயாளி. அக்கண்காணிப்பே சிற்றசைவையும் பெருஞ்சுழற்சியாக உணர்த்துகின்றது. உணர்ந்த சுழற்சி அச்சத்தை வளர்க்கின்றது. முன்பே மனக்கவலை உடையோரை இது எளிதிற் பற்றும். நடிப்பு என்று இதனைக் கூறுதல் கொடுமை.

கவலைக்கு நம் கரையோரத்திற் பஞ்சமில்லை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர். அவருட் பெரும்பாலார் வண்ணாத்திவில்லு, கற்பிட்டி முதலிய ஊர்களை உள்ளடக்கிய புத்தளம் மாவட்டத்திலே தஞ்சம் புகுந்தனர். அவ்வாறு இடம்பெயர்ந்தோருள் வளர்ந்தோர் 450 பேரை ஆராய்ந்து 2013இல் வெளியான ஆய்வொன்று, 18.8 வீதத்தினரிடம் பொதுவான உளநோய்களைக் கண்டது. அவற்றுள் மிக்கிருந்தது உடல்முறைப்பாடாக வெளிப்படும் நோயே. அது 14 வீதம். அங்குப் பயன்பட்ட வினாக்கொத்திலே நோவுகளோடு தலைச்சுற்றும் ஒரு வினாவாகும். பேரதிர்ச்சியின் பின்வரும் நோயோ 2.4 வீதமே. துரத்தப்பட்ட நாளின் நினைவு மாத்திரம் இவர்களை வாட்டவில்லை போலும்: வேலையின்மை, துணையிழப்பு, அடுத்தவேளை உணவுக்கு உறுதியின்மை ஆகிய மூன்றோடும் இந்நோய்கள் நெருங்கிய தொடர்புடையனவாக அவ்வாய்விற் காணப்பட்டன.