ஹாரி ஸ்டூவர்ட்: வானில் வென்றவருக்குத் தரையில் அடைத்த கதவு

2025 பிப்ரவரி 2 அன்று ஹாரி ஸ்டூவர்ட் தமது 100ஆம் வயதில் மறைந்தார். நாஜி ஜெர்மனிக்கு எதிராகப் பறந்த கறுப்பினப் போர் விமானி அவர். பின்னாளில் பொறியாளர். ‘தகுதி இல்லாதவர்கள்’ என்ற ஏச்சைக் கல்லூரி விடுதியிலும் வேலைக்கான நேர்காணலிலும் கேட்டுப் பழகிய நம் மாணவத் தோழர்கள் அவசியம் அறிய வேண்டிய வாழ்க்கை இது.

1925இல் அமெரிக்க ராணுவப் போர்க் கல்லூரி ஓர் அறிக்கை தயாரித்தது. அறிவிலும் துணிவிலும் கறுப்பினத்தவர் கீழானவர்கள் என்று ‘ஆய்வு’ என்ற பெயரில் எழுதிவைத்தது. கறுப்பின அமைப்புகளும் பத்திரிகைகளும் தொடர்ந்து போராடிய பிறகே, 1941இல் அலபாமா மாநிலத்தின் டஸ்கிகீயில் அவர்களுக்கு விமானப் பயிற்சி தொடங்கியது. அதுவும் வெள்ளையரிடமிருந்து பிரித்துவைத்த பயிற்சிதான்.

அதே 1941இல் இங்கே என்ன நடந்தது? மகர்களுக்கு 1890களில் ராணுவக் கதவை அடைத்து, முதல் உலகப் போரின்போது ஆள் தேவைக்காகச் சற்றே திறந்து, போர் முடிந்ததும் மீண்டும் அடைத்தது பிரிட்டிஷ் அரசு. அம்பேத்கர் விடாமல் வலியுறுத்தியதன் பின்னணியில்தான் 1941இல் மகர் படைப்பிரிவு உருவானது. அங்கே நிறம், இங்கே சாதி. ‘பிறப்பிலேயே வீரம்’ என்ற பொய் மட்டும் ஒன்றுதான்.

1924இல் வர்ஜீனியாவில் பிறந்த ஸ்டூவர்ட், நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் வளர்ந்தார். அருகிலிருந்த விமானத்தளத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்குப் பறக்கும் ஆசை வந்தது. டஸ்கிகீயில் பயிற்சி முடித்து விமானியானபோது அவருக்குக் கார் ஓட்டக்கூடத் தெரியாது. வால் பகுதியில் சிவப்பு வண்ணம் பூசிய முஸ்டாங் விமானத்தில் 43 போர்ப் பறத்தல்களை முடித்தார். 1945 ஏப்ரல் 1 அன்று ஆஸ்திரிய வானில் ஒரே நாளில் மூன்று ஜெர்மன் விமானங்களை வீழ்த்தினார். அன்று உடன் பறந்து சுடப்பட்டு வீழ்ந்த தோழர் வால்டர் மானிங்கைப் பிடித்து, லின்ஸ் நகரருகே கும்பலொன்று தூக்கிலிட்டுக் கொன்றது.

1949இல் அமெரிக்க விமானப்படை, லாஸ் வேகாஸில் குறிபார்த்துச் சுடும் போட்டியை நடத்தியது. பழைய புரொப்பல்லர் விமானங்களுக்கான பிரிவில் வென்றது ஸ்டூவர்ட் இடம்பெற்ற கறுப்பின அணி. ஆனால் விமானப்படையின் ஆண்டு மலர் அந்த ஆண்டின் வெற்றியாளர் ‘தெரியாது’ என்றே பல பத்தாண்டுகள் அச்சிட்டு வந்தது. வென்ற கோப்பை 2004இல்தான் அருங்காட்சியகக் கிடங்கில் கண்டெடுக்கப்பட்டது.

1950இல் படையிலிருந்து வெளியே வந்தவர், பயணிகள் விமானம் ஓட்ட பான் ஆம், டி.டபிள்யூ.ஏ. நிறுவனங்களில் விண்ணப்பித்தார். கறுப்பர் என்பதால் இரண்டிலும் வேலை இல்லை. போரில் ஓட்டத் தெரிந்தவருக்குப் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஓட்டத் தகுதியில்லையாம்!

அவர் மீண்டும் படித்தார். நாற்பதை நெருங்கும் வயதில், 1963இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் பட்டம் பெற்றார். டெட்ராய்ட்டில் இயற்கை எரிவாயுக் குழாய் நிறுவனமொன்றின் துணைத் தலைவர் பொறுப்புவரை உயர்ந்தார். முதுமையிலும் அந்நகரத்துப் பிள்ளைகளை மோட்டார் கிளைடரில் ஏற்றிப் பறந்து காட்டினார்.

இதை வெறும் ‘விடாமுயற்சி வென்ற கதை’யாகச் சொல்ல நமக்கு விருப்பமில்லை. அவர் நல்ல பொறியாளரானது அவருடைய உழைப்பு. அவர் விமானியாகத் தொடர முடியாமல் போனது ஒரு சமூகம் செய்த திருட்டு. முதலாவதை மட்டும் கொண்டாடினால் இரண்டாவது மறைந்துவிடும்.

அந்தக் கதவு எப்படித் திறந்தது? மார்லன் கிரீன் என்ற இன்னொரு கறுப்பின முன்னாள் விமானப்படை விமானி, தம்மை ஒதுக்கிய காண்டினென்டல் நிறுவனத்துக்கு எதிராக ஆண்டுக்கணக்கில் சட்டப் போராட்டம் நடத்தினார். அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவர் பக்கம் தீர்ப்பளித்தது 1963இல். ஸ்டூவர்ட் பொறியாளரான அதே ஆண்டு! தனிமனிதத் திறமை திறக்காத கதவை வழக்கும் போராட்டமும் திறந்தன.

ஸ்டூவர்ட் மறைவதற்குச் சில நாட்கள் முன்பு, பன்மைத்துவத் திட்டங்களை ஒழிக்கும் டிரம்ப் அரசின் உத்தரவைக் காட்டி, டஸ்கிகீ விமானிகள் பற்றிய காணொளி இடம்பெற்ற பாடத்தை விமானப்படை பயிற்சியிலிருந்து நீக்கியது. எதிர்ப்பு கிளம்பிய பிறகே அது திரும்ப வந்தது.

தோழர்களே, வெற்றியாளர் ‘தெரியாது’ என்று அச்சிட்ட கை இன்னும் ஓயவில்லை. நம் ஊரிலும், முதல் பட்டம் பெற்ற நம்மவர், படையில் பணியாற்றிய நம்மவர், வேலை மறுக்கப்பட்ட நம்மவர் பலரின் பெயர்கள் எந்த மலரிலும் இல்லை. அவர்களிடம் போய்க் கேட்டு எழுதுவோம். வென்றதை எழுதுங்கள், மறுக்கப்பட்டதையும், மறுத்தது யார் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.