பூச்சிக்கொல்லி எதிர்ப்புத்திறன்: நாஞ்சில் நாட்டு நெல்லும் தென்னையும்

ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடிக்கும் வயலில், அந்த மருந்துக்குச் சாகாத பூச்சிகள் மட்டும் பிழைத்துப் பெருகுவதைப் பூச்சிக்கொல்லி எதிர்ப்புத்திறன் என்பர். கூட்டத்தில் முன்பே இருந்த ஒருசில வலிய பூச்சிகளுக்கு மருந்து வழிவிட்டுக் கொடுக்கிறது. அவற்றின் குஞ்சுகளே அடுத்த தலைமுறை. கன்னிப்பூ, கும்பப்பூ என இரண்டு போகம் நெல்லும், தென்னையும் வாழையும் விளையும் அகஸ்தீஸ்வரம் வட்டத்துக் கொட்டாரம் போன்ற ஊர்களில், "மருந்துக்குக் கேக்க மாட்டேங்கு" என்று உழவர் சொல்லும் குறையின் அறிவியல் இதுவே.

1914இல் அமெரிக்கப் பூச்சியியலாளர் மெலாண்டர், பழமரச் செதில்பூச்சிகள் சுண்ணாம்பு-கந்தகக் கரைசலுக்குச் சாகாததை முதன்முதலில் எழுதினார். டிடிடி பூச்சிக்கொல்லி பரவிய சில ஆண்டுகளிலேயே, 1940களின் பிற்பகுதியில், வீட்டு ஈக்கள் அதைத் தாங்கத் தொடங்கின. 1987இல் ஆந்திரப் பருத்தியில் காய்ப்புழு செயற்கைப் பைரித்ராய்டுகளுக்கு அடங்காமல் போனது இந்தியாவுக்குக் கிடைத்த பெரிய எச்சரிக்கை.

நெல்லில் புகையான் என்னும் பூச்சியின் கதை இன்னும் கடுமையானது. 1973-74இல் கேரளத்தின் குட்டநாட்டை அது பாழாக்கியது. தூரை விலக்கி அடியில் பார்த்தால், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பழுப்பு நிறப் பூச்சிகள் மொய்த்துக்கொண்டு சாறு உறிஞ்சும். வயல் வட்டவட்டமாகக் கருகும். பெண் பூச்சி முட்டைகளை இலையுறைக்குள் செருகிவைப்பதால் மேலே அடிக்கும் மருந்து அவற்றைத் தொடுவதில்லை. புகையானைத் தின்னும் சிலந்திகளும் மிரிட் நாவாய்ப்பூச்சிகளும்தான் முதலில் சாகின்றன. எதிரி இல்லாத வயலில், ஏறத்தாழ ஒரு மாதத்துக்குள் அடுத்த தலைமுறை வந்துவிடுகிறது. 1986இல் இந்தோனேசியா நெல்லுக்கான 57 பூச்சிக்கொல்லிகளைத் தடைசெய்ததற்கு இதுவே காரணம். 1990களில் நம்பிக்கையோடு வந்த இமிடாகுளோப்ரிட்டும் 2000களில் ஆசியாவின் பல நாடுகளில் வலுவிழந்தது. நஞ்சைச் சிதைக்கும் நொதிகளைப் புகையான் தன் உடலில் மிகுதியாகச் சுரக்கிறது.

புகையானை எதிர்க்கும் மரபணு கொண்ட நெல்லும் ஒரு தீர்வாக இருந்தது. அத்தகைய மரபணு ஒன்று நாஞ்சில் நாட்டிலிருந்து மலைக்கு அப்பால் உள்ள அம்பாசமுத்திரத்தின் ஏ.எஸ்.டி. 7 ரகத்திலிருந்து கிடைத்தது. மரபணு ஒன்றை மட்டும் நம்பிய ரகங்களையும் புகையான் சில ஆண்டுகளில் வென்றது.

இன்னொரு வழி நுண்ணுயிர். பூச்சியைக் கொல்லும் நுண்ணுயிர்களைத் தேடும் முயற்சி செயற்கை நஞ்சுகளின் காலத்துக்கு முந்தியது. 1879இல் ஒடெசாவில் உயிரியலாளர் மெச்னிகோவ், கோதுமை வண்டுகளைக் கொல்லும் பச்சைப் பூஞ்சையை ஆராய்ந்தார். இன்று அதன் பெயர் மெட்டாரைசியம். 1901இல் ஜப்பானின் இஷிவாட்டா பட்டுப்புழுவில் கண்ட பாக்டீரியாவே, பிறகு பி.டி. எனப்படும் பாசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் ஆனது. இலையைக் கடித்துத் தின்னும் புழு அதை விழுங்கினால்தான் சாகும். சாறு உறிஞ்சும் புகையானிடம் அது பலிக்காது. பூஞ்சை தோலைத் துளைத்து உள்ளே போவதால் அந்தத் தடை அதற்கில்லை. ஆனால் மெதுவாகத்தான் கொல்லும், ஈரமும் வேண்டும்.

பூஞ்சை நன்றாகப் பயன்படும் இடம் தென்னந்தோப்பு. தென்னையைத் தாக்கும் காண்டாமிருக வண்டு எருக்குழியில் முட்டையிடுகிறது. மெட்டாரைசியம் வித்துகளைத் தண்ணீரில் கலந்து குழியில் ஊற்றினால், புழு விறைத்துச் செத்து, அதன் மேல் ஆலிவ் பச்சை நிறத்தில் பொடி பூக்கும். அந்தப் பொடியே மற்ற புழுக்களுக்கு நோய். இதே வண்டைக் கொல்லும் வைரஸை ஆய்வாளர் ஹூகர் 1963இல் மலாயாவில் கண்டார். 1983இல் மினிக்காய்த் தீவிலும் அது விடப்பட்டது.

நுண்ணுயிரும் நிரந்தர வெற்றி தருவதில்லை. பி.டி.யை ஓயாமல் தெளித்த ஹவாய்த் தோட்டங்களில் வைரமுதுகு அந்துப்பூச்சி எதிர்ப்பு பெற்றது 1990இல் வெளியானது. 2007இல் குவாமில் தென்பட்ட காண்டாமிருக வண்டு வகை பழைய வைரஸுக்கு அடங்கவில்லை. நஞ்சைப் பயன்படுத்திய அதே அவசரத்தோடு நுண்ணுயிரையும் பயன்படுத்தினால் விளைவும் அதுவாகவே இருக்கும். பூச்சியைத் தின்னும் பூச்சிகளைக் காப்பதும், உரத்தையும் நீரையும் அளவோடு விடுவதும், மருந்தை மாற்றி மாற்றி, தேவைப்படும்போது மட்டும் அடிப்பதும் கூடவே நடக்க வேண்டும்.

பூஞ்சை உயிருள்ள பொருள். வெயிலில் வைத்த பாக்கெட்டில் வித்துகள் செத்துப்போகும். வாங்கும் உழவர் தயாரிப்புத் தேதியைப் பார்த்து, நிழலில் வைத்து, மாலையில் தெளிக்க வேண்டும். பூஞ்சைக்கொல்லியோடு கலக்கக் கூடாது. வீரியம் குறையாத வித்துகளை உரிய பருவத்தில் ஊருக்கு ஊர் கொண்டுபோய்ச் சேர்ப்பது வேளாண்மைத் துறையின் கடமை.